37 கதைப்புத்தகங்களைப் பூட்டிய பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கும் அக்காவுக்கும், தலைமையாசிரியர் ஐயாவுக்கும், குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். மறுநாளே நூலக அறையிலிருந்து 37 கதைப்புத்தகங்களை இறக்கி, அலுவலக அறையில் இருக்கும் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். ‘மாணவர்களின் மனதைக் குழப்பும் வகையில் உள்ளதால்’ என்று தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுதியிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் பிள்ளைகளோடு கதை வாசிக்க நான் வந்து பார்த்தபோது, அந்தப் புத்தகங்கள் இருந்த இரண்டு தட்டிலும் போட்டித் தேர்வுக் கையேடுகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு குரூப் 4 கையேடு! என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போகட்டும், நான் சம்பளத்துக்கு வருகிறவள் இல்லை. பிள்ளைகளிடமும் கேட்கவில்லையே, அதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

எதனால் இது வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் புத்தகங்களில் ஒரு கதையைப் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ராத்திரி சோறு சாப்பிடும்போது அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: “ஏப்பா, நாம அங்கிட்டுப் போய் மடி இழுக்கிறப்ப அவங்க வலை அறுந்துபோச்சுன்னா, அதுக்கு யாரு காசு குடுப்பா?”

அவர் விசைப்படகில், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையோடு தொழிலுக்குப் போகிறவர். அவருடைய மச்சினர் அந்தக் கரையில், இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ஆள் வந்தார், படகு வரவில்லை. அப்படி ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்து சோற்றில் கை வைக்கும்போது சொந்தப் பிள்ளையே வக்கீல் மாதிரிக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் புகார் கொடுத்ததும் நியாயம். ஒரு கேள்வியைப் புகாராக எடுத்துக்கொண்டு, அவள் படித்த புத்தகத்தோடு இன்னும் 36ஐச் சேர்த்துப் பூட்டினீர்களே, அதில்தான் எனக்கு வழக்கு.

கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கதையைப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. அதனால் சொல்கிறேன். ஒரு பையன் முதல்முறையாக அப்பாவோடு படகில் போகிறான். மடியை ஏற்றும்போது மீனோடு ஒரு வலைத்துண்டும் வருகிறது. அதில் கோர்த்திருக்கும் மிதவையில் பெயிண்டால் ஒரு பேர் எழுதியிருக்கிறது, தமிழில். “தூக்கிக் கடல்ல போடு” என்கிறார் அப்பா. பையன் போடுவதுபோலக் கையை ஓங்கிவிட்டு, மிதவையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து தலையணைக்கு அடியில் வைக்கிறான். தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் கதை. அப்பா நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் படகுக்கு டீசல் போட வாங்கிய கடனும் கதையில் இருக்கிறது, அந்தப் பேர்க்காரனின் அறுந்த வலையும் இருக்கிறது.

இதைப் படித்துத்தான் பிள்ளை குழம்பினாள் என்கிறீர்கள். பாக் விரிகுடாவான வடகடலுக்கும் மன்னார் வளைகுடாவான தென்கடலுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைக்கு இது புதுச் செய்தியா? 1974இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் போட்ட எல்லைக்கோட்டையும் கச்சத்தீவையும் பேசாமல் நம் டீக்கடையில் ஒரு நாளாவது பால் பொங்கியிருக்கிறதா? இலங்கை 2017இல் இழுவைமடிக்குத் தடைச்சட்டம் போட்டதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் காதில் வாங்கித்தான் வளர்கிறது. பெரியவர்கள் சத்தம் போட்டுப் பேசுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இவர்கள். இதுவரை அவர்களுக்குக் காதுதான் இருந்தது. அந்தக் கதை வாயைக் கொடுத்தது. குழப்பம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், அவள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ராத்திரி அப்பாவும் மகளும் அரைமணி நேரம் பேசியிருக்கிறார்கள். முதல் பத்து நிமிஷம் சண்டை. அப்புறம் அவர் தன் முதல் கடல் பயணத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் அதுவரை கேட்டிராத கதை.

என் சொந்த விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு இது தெரியும், தெரியாததுபோல இருந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

2001இல், கடலடி மணலில் ஊரும் கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானைக்கும் புலிக்கும் பக்கத்தில் அட்டையும் வந்து உட்கார்ந்தது. முந்தின வருஷம் வரை என் அண்ணன் பட்டப்பகலில் மூழ்கி எடுத்து, கரையிலேயே அவித்து, காயவைத்து விற்ற சரக்கு அது. அடுத்த வருஷம் அதே சரக்கை ராத்திரியில் கொண்டுவந்து, ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் மணலில் புதைத்தான். அம்மாவுக்குத் தெரியாது. அவள் மாதத்தில் 12 நாள் தீவுப்பக்கம் கடல்பாசி எடுக்கப் போவாள், மற்ற நாள் கருவாட்டுக் கொட்டகை. எனக்குத் தெரியும். எனக்கு அப்போது 15 வயது. ஒருநாள் காக்கி உடுப்பில் இரண்டு பேர் வந்து, “வீட்டுல சாக்கு ஏதும் இருக்கா பாப்பா?” என்று தன்மையாகக் கேட்டார்கள். “தெரியாது சார்” என்றேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வேறொரு இடத்தில் பெரிய சரக்கோடு பிடிபட்டான். வழக்குக்கு அம்மாவின் தோடு போனது, எங்கள் நாட்டுப்படகான வல்லம் போனது. நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு சாக்கோடு முடிந்திருக்குமா? இல்லை, அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று வீட்டில் தலையெடுக்காமல் கிடந்திருப்பேனா? அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கலாமோ? இத்தனை வருஷமாகியும் எனக்கு விடை கிடைக்கவில்லை. விடை இல்லாததுகூடப் பெரிதில்லை. அந்த மூன்று மாதமும் இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிய ஒரே பிள்ளை நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நம் பள்ளியில் எனக்குக் கிடைத்த கதைகள் எல்லாம் பொய் சொன்னவன் கெட்டான் வகை. அந்தக் கதைகளில் பொய் சொன்ன எவனுக்கும் ஒரு அண்ணன் இருந்ததில்லை.

நீதிக்கதைகளை எடுக்கவில்லை, அவை அப்படியே இருக்கின்றன என்று ஐயா என்னிடம் சமாதானம் சொன்னார். பார்த்தேன். அதில் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைப்புத்தகமும் இருக்கிறது. ஐயா, அதை யாரும் திறந்து பார்க்கவில்லை போல. வேதாளம் ஒவ்வொரு கதையையும் சொல்லிவிட்டு, யார் செய்தது சரி என்று கேட்கும். தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இதைவிடக் குழப்பமான கதை அந்த 37இல் ஒன்றுகூட இல்லை! அட்டையில் ராஜா படம் இருப்பதால் தப்பித்துக்கொண்டது.

குழுவில் உள்ள ஆசிரியர்கள் பி.எட். படிக்கும்போது, பிள்ளைகளின் ஒழுக்க வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கோல்பர்க் பற்றிக் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். சாகக் கிடக்கும் மனைவி, மருந்துக்கடைக்காரன் சொல்லும் அநியாய விலை, விலையில் பாதிதான் தேற்ற முடிந்த கணவன். கடையை உடைத்து மருந்தை எடுக்கலாமா? இப்படிப்பட்ட கதைகளை 1950களில் சிகாகோவில் 10 முதல் 16 வயதுப் பையன்களிடம் சொல்லித்தான் அவர் தன் ஆய்வைச் செய்தார். எடுக்கலாம் என்றவனா, கூடாது என்றவனா என்று அவர் தரம் பிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்பதற்குப் பையன் சொன்ன காரணத்தைப் பார்த்தார். பிற்பாடு அவரோடு வேலை பார்த்த கரோல் கில்லிகன், இது பையன்களை வைத்தே போட்ட அளவுகோல் என்று 1982இல் எழுதினார். அவர் காட்டும் 11 வயதுப் பெண்பிள்ளை எடுக்கலாம், கூடாது இரண்டையும் பிடிக்காமல், கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசலாமே, கடன் வாங்கலாமே என்று வேறு வழி தேடுகிறாள். பரீட்சைக்குப் படித்ததோடு இதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நம் பள்ளியிலேயே இது நடக்கிறது. மிதவைக் கதையை வாசித்த அன்று, பையன்கள் எல்லாம் மிதவையைத் தூக்கிப் போடணும், போடக்கூடாது என்று இரண்டு கட்சியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்: “அந்தப் பேருக்காரருக்கு ஒரு கடிதாசி போட்டா என்னக்கா? அங்கயும் தபால்காரரு இருப்பாருல்ல?” அறை ஒரு நிமிஷம் அடங்கிவிட்டது.

சனிக்கிழமைகளில் நடந்த இன்னும் இரண்டைச் சொல்கிறேன்.

ஒரு பையன். பேர் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். தோழி சொன்ன ரகசியத்தை வெளியே சொல்வதா வேண்டாமா என்று ஒரு பிள்ளை தவிக்கும் கதையைப் படித்தோம். அதுவும் இப்போது பீரோவுக்குள்தான். படித்து முடித்ததும் அவன் கேட்டான், “ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒரு சாக்கை வச்சிருக்கச் சொன்னா, அதுவும் ரகசியந்தானாக்கா?” கதையில் சாக்கே கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நான் ஒன்றும் தோண்டவில்லை. அவனோடு படிக்கும் பிள்ளைகளே கேட்டார்கள்: ஒரு ராத்திரி கழித்து மறுபடி கேட்டால்? காசு கொடுத்தால் அது ரகசியமா, வேலையா? பிடிபட்டால் சாக்கு யாருடையது என்று எழுதுவார்கள்? இரண்டு வாரம் கழித்து அவன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவர் என்னைத் தேடி வந்தார். மேற்கொண்டு என்ன ஆனது என்பது அவர்கள் வீட்டு விஷயம். கதை படித்ததால்தான் சொன்னான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அவன் வேறு எங்கே கேட்டிருப்பான்? காவல் நிலையத்திலா, நீதிக்கதைப் புத்தகத்திடமா?

இன்னொரு பையன் நல்ல வாசகன். கதை படித்துத் திருந்திய பிள்ளை என்று காட்ட எனக்கு அவன் உதவ மாட்டான். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு வீடுகளில் வருமானம் இல்லை, கடன்தான். ஜூன் பாதியில் படகுகள் இறங்குகிற நேரமும் பள்ளி திறக்கிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். அவன் பள்ளிக்கு வரவில்லை, படகேறிவிட்டான். போகிறதற்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். “அந்தக் கதையில அவன் யாருகிட்டயும் சொல்லாம ஓடிப்போவான்லக்கா. நான் சொல்லிட்டுப் போறேன்” என்றான். எவ்வளவு கடன், கடலுக்கு எத்தனை பாடு போனால் அடையும், தங்கச்சி எந்த வகுப்பு வரை வரும் என்று கணக்குச் சொன்னான். என்னால் அவனை நிறுத்த முடியவில்லை. பள்ளிப் பதிவேட்டில் அவன் இடைநின்றவன். அவன் கணக்கைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

கதை படிப்பது பிள்ளைகளை மாற்றும் என்று ஆய்வு எதையாவது காட்டச் சொல்வீர்கள். காட்டலாம். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒன்று வந்தது, இலக்கியக் கதை கொஞ்சம் படித்தாலே அடுத்தவர் மனதை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று. உலகம் முழுக்கப் பேசினார்கள். அப்புறம் வேறு ஆட்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. ஆகவே நான் அதை நம்பி நிற்கவில்லை. நாலு பக்கம் படித்தவுடன் நல்லவனாகும் மருந்து எதுவும் கிடையாது. கூடி உட்கார்ந்து, வாரக்கணக்கில், சத்தம் போட்டுப் பேசியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ரயில் போனது, கோயில் போனது எல்லாம் மற்றவர்கள் சொல்லும் கதை. அவள் கதையில் ஒரு ஆடு உண்டு. தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது, இரண்டு கையிலும் இரண்டு பிள்ளை, கொல்லையில் ஆடு கட்டிக் கிடந்து கத்துகிறது. முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரு பிள்ளையைக் கீழே விட வேண்டும். அங்கே நிறுத்திவிடுவாள். “அவுத்தியா அப்பத்தா?” என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். “நீயா இருந்தா என்னடி செய்வ?” என்பாள். சாகும்வரை அவள் சொல்லவில்லை. நாங்கள் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் இன்றைக்குக் கூடினாலும் அந்த ஆட்டை வைத்துச் சண்டை போடுவோம். அவளை யாரும் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை.

கூட்டத்தில் ஒருவர், கலாம் ஐயா பிறந்த மண்ணில் பிள்ளைகளுக்கு நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்றாராம். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காத போர்க்காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன் அவர். அந்தக் கட்டில் இருந்தது போர்ச்செய்தி. சின்னப் பையன் குழம்பிவிடுவான் என்று யாரும் அதைப் பறித்து வைக்கவில்லை.

பூட்டியது எல்லாமே தங்கம் என்று நான் வாதாட வரவில்லை. 37இல் இரண்டு புத்தகம் 11, 12ஆம் வகுப்புக்குப் போக வேண்டியவை. கீழ்வகுப்புப் பிள்ளைகள் கையில் அவை கிடைத்தது என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று சுத்த மோசம். படிக்கிறவரைப் பயமுறுத்துவதற்கென்றே ஒரு சாவை நடுவில் செருகியிருக்கிறார்கள். அதை நானே பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன். பாக்கி 34?

பள்ளிக் கல்வித் துறையே வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற எனப் படி வைத்துச் சின்னச் சின்னக் கதைப்புத்தகம் கொடுத்தது. நம் பிள்ளைகள் அதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டார்கள். ‘பற’ வரை வந்த பிள்ளைக்கு அடுத்து குரூப் 4 கையேடா?

நீங்கள் வேற்றாள் இல்லை. இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். தலைவர் அக்கா, நீங்களும் என் அம்மாவும் ஒரே வல்லத்தில் பாசிக்குப் போனவர்கள். தீவில் கால் வைக்கக் கூடாது என்று வனத்துறை நிறுத்தியபோது, போவதா வேண்டாமா என்று கரையில் நின்று நீங்கள் எல்லாரும் பேசியதை, உங்கள் மகளும் நானும் பக்கத்தில் நின்று கேட்டோம். அன்றைக்கு எங்களைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை நீங்கள். அதனால்தான் அதிகாரிகளுக்கு மனு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது இவை. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்னால் பீரோவைத் திறந்து 34 புத்தகங்களையும் பழைய தட்டிலேயே வையுங்கள். கையேடுகளுக்கு வேறு தட்டு இருக்கிறது. இரண்டை மேல்வகுப்புக்கு மாற்றுங்கள். அந்த மோசமான ஒன்றை நீங்களே படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு புத்தகத்தைத் தன் பிள்ளை படிக்க வேண்டாம் என்று எந்தப் பெற்றோராவது சொன்னால் அதை நான் மதிப்பேன், அந்தப் பிள்ளைக்கு மட்டும். ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வீட்டார் முடிவெடுக்கக் கூடாது. இனிமேல் எந்தப் புத்தகத்தை எடுப்பதானாலும், குழுவில் மூன்று பேராவது முழுதாகப் படித்து, காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் உள்ள ‘மனதைக் குழப்பும்’ என்ற வரியை அடித்துத் திருத்துங்கள். புகார் கொடுத்த அண்ணனை ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்து உட்காரச் சொல்லுங்கள். அவர் முதல் கடல் பயணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும், மிதவைக் கதையைப் பற்றியும் அவர் வாயாலேயே பேசட்டும். நான் ஓரமாக இருந்துகொள்கிறேன்.

பீரோ சாவி தலைமையாசிரியர் அறையில், நாள்காட்டிக்குப் பின்னால் உள்ள ஆணியில் தொங்குகிறது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். இதுவரை ஒருவரும் தொடவில்லை. வரும் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு வழக்கம்போல வருவேன்.

இப்படிக்கு,
இந்தப் பள்ளியின் பழைய மாணவி,
சனிக்கிழமை வாசிப்புக்கு வரும் அக்கா